ஆல்டர்பீஸ்: ‘பீடப்பலகை’ எனலாமா?

நண்பர்களே,

தேவாலயப் பீடத்துக்கு மேலோ பின்னாலோ நிற்கும் ஓவிய, சிற்பத் தொகுப்பை ஆங்கிலத்தில் ஆல்டர்பீஸ் (altarpiece) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘பலிபீட ஓவியம்’ என்ற முன்மொழிவு இரண்டு இடத்தில் இடிக்கிறது. பலிபீடம் என்றதும் கோயிலுக்குப் போகிறவர் மனதில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்தான் வரும். கத்தோலிக்கர் பேச்சில் வெறும் ‘பீடம்’ போதும். பீடச் சிறுவர் என்றுதானே சொல்கிறோம். அடுத்தது ‘ஓவியம்’. இசன்ஹைம் மடத்துக்காக ஜெர்மானிய ஓவியர் குருனேவால்ட் 1512 முதல் 1516 வரை தீட்டிய ஆல்டர்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தீட்டியவற்றில் பெரும்பகுதி கதவுகள். எல்லாவற்றையும் திறந்தால் நடுவில் உட்கார்ந்திருப்பது புனித அந்தோணியாரின் மரச்சிற்பம். அதை எப்படி ஓவியம் என்பது?

‘திருவாசி’ என்று இன்னொரு யோசனை. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் திருவாசி மூர்த்தியைச் சுற்றி வளைவது. ஆல்டர்பீஸ் பீடத்துக்கு மேலோ பின்னாலோ நின்று, தானே உருவங்களைச் சுமப்பது. வேண்டாம்.

எந்தச் சொல்லானாலும் ‘பீடம்’ அதில் இருக்கவேண்டும் என்பேன். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஓவியர்களான வான் ஐக் சகோதரர்கள் செய்த ஆல்டர்பீஸ் 1432இல் முடிந்தது. அதன் நடுப்பலகையில் ஒரு பீடம். பீடத்தின் மேல் இயேசுவைக் குறிக்கும் செம்மறி நிற்கிறது. அதன் மார்பிலிருந்து இரத்தம் பீய்ச்சி ஒரு கிண்ணத்தில் விழுகிறது. பீடத்துணியில் ‘இதோ இறைவனின் செம்மறி’ என்ற வாசகம் லத்தீனில். பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கப் போகுமுன் நம் ஊர்ச் சாமியார் அப்பத்தை உயர்த்திச் சொல்கிறாரே, அதே வாசகம். அன்று வரைந்த பீடத்துக்குக் கீழேயே நிஜப் பீடம், வரைந்த கிண்ணத்துக்குக் கீழேயே, பூசையில் இயேசுவின் இரத்தமாகும் ரசம் ஏந்திய நிஜக் கிண்ணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் குறியீடு பேசும்.

ஓவியர் ஹியூகோ வான் டெர் கூஸ் 1475 வாக்கில் போர்த்தினாரி குடும்பத்துக்குச் செய்த ஆல்டர்பீஸில், குழந்தை இயேசு வெறுந்தரையில் கிடக்கிறார். படத்தின் கீழ்விளிம்பை ஒட்டி ஒரு கோதுமைக் கட்டு. புளோரன்ஸ் மருத்துவமனைக் கோயிலில் அது இருந்தபோது, கட்டுக்குக் கீழே குருவின் கையில், இயேசுவின் உடலாகும் கோதுமை அப்பம். இப்போது உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்னால் பீடம் இல்லாததால், மாட்டுக்கு வைத்த தீவனம் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

அதனால் ‘பீடப்பலகை’. களிமண்ணிலும் கல்லிலும் செய்தவை உண்டே என்பீர்கள். கற்பலகை என்கிறோமே, பலகை மரமாகத்தான் இருக்கவேண்டுமா? கிளைச்சொற்களும் சுலபமாக வருகின்றன: மூன்று சேர்ந்தது முப்பலகை, அடியில் நீளவாக்கில் ஓடும் சிறுபடவரிசை அடிப்பலகை. பக்கத்தில் மடங்குவதை ஜெர்மானியர் சிறகு என்கிறார்கள். நமக்குக் கதவே சரி. சாதாரண நாளில் சாத்தி, திருநாளில் திறப்பதுதானே.

புனிதர்களை இன்னார் என்று காட்டும் கைப்பொருளுக்குத்தான் சொல் அமையவில்லை. நம் கோயில் சிற்பிகள் சாமி கையிலுள்ள சங்கைக்கூட ‘ஆயுதம்’ என்பார்கள். ஆனால் புனித லூசியம்மாள் தட்டில் ஏந்தியிருக்கும் இரண்டு கண்களை ஆயுதம் என்று எழுதக் கை வரவில்லை. ‘அடையாளப்பொருள்’ சற்று நீளம். யாரிடமாவது குட்டையான சொல் உண்டா?