மெலியிறதுக்கு அக்குபங்சர் ஊசி, மூலிகை, யோகா: எதில இறங்கலாம்?

உப்புவெளி மைனா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு. உயரம் 157 சென்ரிமீற்றர், நிறை 81 கிலோ. உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கந்தோரில காலமை எட்டரையில இருந்து கதிரையிலயே வேலை. ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஏறின உடம்பு இறங்கவே இல்லை. நாலு வருசமா தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குடிக்கிறன். போன வருசத்தில இருந்து சீனிக்கு மெற்போமினும். கிளினிக்கில ஒவ்வொரு முறையும் "நிறையைக் குறையுங்கோ" எண்டு சொல்லுவினம். எப்பிடி எண்டு கேக்க நேரம் இல்லை, எனக்குப் பின்னால அவ்வளவு சனம் நிக்கும்.

மச்சாள் கனடாவில இருந்து ரெண்டு போத்தல் அனுப்பியிருக்கிறா. ஒண்டு பச்சைத் தேயிலைச் சாறு, மற்றது கொறுக்காப்புளிக் குளிசை. பக்கத்து வீட்டு அக்கா முகநூலில வாங்கின "மெலியும் தேத்தண்ணி" குடிச்சு ஒரு கிழமையில மூண்டு கிலோ குறைஞ்சிட்டா. தம்பி அக்குபங்சருக்குப் போகச் சொல்லுறான். உவர்மலையில யோகா வகுப்பும் இருக்கு, கிழமைக்கு ரெண்டு நாள். எல்லாத்துக்கும் போக என்னட்டக் காசும் இல்லை, நேரமும் இல்லை. சோத்தை அடியோட விட்டும் பார்த்தன், பத்து நாளைக்கு மேல முடியேல்லை.

செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ. போத்தல் ரெண்டும் இன்னும் உடைக்கேல்லை.

திருக்கடலூர் ராஜி:

தங்கச்சி, நான் கொழும்பில நிண்ட காலத்தில எட்டுத் தரம் அக்குபங்சர் போட்டனான். காதிலயும் வயித்திலயும் ஊசி. நோகாது. அந்த ரெண்டு மாதமும் பின்னேரப் பசி கொஞ்சம் அடங்கின மாதிரித்தான் இருந்தது, ரெண்டு கிலோ குறைஞ்சது. ஆனா அதே நேரம் அந்த டொக்டர் என்னைக் கொத்து ரொட்டியும் சோடாவும் விடச் சொல்லியிருந்தவர். ஊசி குறைச்சதா, கொத்தை விட்டது குறைச்சதா எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்து ஆறு மாதத்தில ரெண்டு கிலோவும் திரும்ப வந்திட்டுது.

பாலையூற்று அக்கா:

மைனா, முதல்ல அந்தப் போத்தல் ரெண்டையும் உடைக்காமல் வைச்சிருக்கிறீங்களே, அது பெரிய நன்மை. நான் 31 வருசம் மருந்தாளரா வேலை செய்து ஓய்வு பெற்றனான். உங்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கு.

2012இல என்ர மூத்தவளின்ர கலியாணம். சேலை கட்டினா வயிறு தெரியுது எண்டு, ரவுணில ஒரு கடையில "முழுக்க மூலிகை" எண்டு எழுதின குளிசை வாங்கினன். தெரிஞ்ச ஒருத்தி நல்லாக் குறைஞ்சவள் எண்டு கேள்விப்பட்டுத்தான் வாங்கினது. 20 நாளில நாலு கிலோ போச்சு. பசியே இல்லை. வாய் காய்ஞ்சது, நித்திரை இல்லை. ஒரு இரவு நெஞ்சு அடிச்ச அடியில எழும்பி இருந்திட்டன். காலமை பிறஷர் 170க்கு 110. அதுக்கு முந்தி எனக்குப் பிறஷர் எண்டதே இல்லை. அந்தக் குளிசைக்குள்ள என்ன இருந்தது எண்டு எவராலயும் சொல்ல ஏலாது, உள்ளடக்கமே போடேல்லை. ஆனா ஒண்டு சொல்லுறன். சிபுற்றமின் எண்டு பசியைக் கொல்லுற மருந்து ஒண்டு இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுது எண்டு 2010இல ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் அதை நிப்பாட்டினவை. அதுக்குப் பிறகும், மூலிகை எண்டு விக்கிற எத்தினையோ மெலிய வைக்கிற குளிசைகளுக்குள்ள அதைக் கண்டுபிடிச்சிருக்கினம். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில வாழ்ந்த நான் "மூலிகை" எண்ட ஒரு சொல்லுக்கு ஏமாந்தன். அதால எவர் கேட்டாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டன்.

இனி உங்கட போத்தல். கொறுக்காப்புளி நாங்கள் மீன் குழம்புக்குப் போடுறதுதான், சட்டிக்கு ரெண்டு துண்டு. அதால ஒண்டும் வராது. குளிசையில இருக்கிறது அதில இருந்து எடுத்த அமிலம், செறிவு எத்தினையோ மடங்கு. சீனி கொழுப்பா மாறுறதை அது தடுக்கும் எண்டு எலிகளில பார்த்தவை. 1998இல 135 பேருக்கு 12 கிழமை குடுத்து, பாதிப் பேருக்கு வெறும் மாக்குளிசை குடுத்துப் பார்த்தால், ரெண்டு பக்கமும் நிறையில வித்தியாசம் இல்லை. ஈரல் பழுதான சம்பவங்களும் பதிவாகியிருக்கு. பச்சைத் தேயிலையைக் குடிச்சால் அது தேத்தண்ணிதான், பயமில்லை. அதின்ர சாறைக் குளிசையா எடுக்கேக்க வேற கதை: அதிலிருக்கிற முக்கியமான பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமுக்கு மேல போனால் ஈரல் பாதிக்கப்படுறதைக் காட்டுற நொதிகள் ரத்தத்தில ஏறலாம் எண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல சொன்னது. மச்சாள் அன்பாத்தான் அனுப்பியிருக்கிறா. நன்றி சொல்லிப் போட்டு வைச்சுவிடுங்கோ.

பக்கத்து வீட்டுத் தேத்தண்ணிதான் எனக்கு எல்லாத்தையும் விடப் பயம். இப்பிடியான தேத்தண்ணிகளில கனக்க நிலவாகை இலை சேர்த்தது. வயித்தால போகும், மூண்டு கிலோ தண்ணி போகும், கொழுப்பு அங்கயே இருக்கும். மெற்போமின் குடிக்கிற ஆளுக்கு உடம்பில தண்ணி வத்துறது நல்லதில்லை, சிறுநீரகத்தையும் இழுக்கும். காலமையில அதைக் குடிச்சால் தைரொக்சின் உடம்பில சுவறுறதும் குழம்பும். தைரொக்சின் வெறு வயித்தில பச்சைத் தண்ணியோட, பிறகு அரை மணியில இருந்து ஒரு மணித்தியாலம் ஒண்டுமே வேண்டாம், கோப்பியும் வேண்டாம். சுண்ணாம்பு, இரும்புக் குளிசைகளுக்கு நாலு மணித்தியால இடைவெளி. தைரொயிட் சரியா நிக்காட்டி மெலியிறது இன்னும் கஷ்டமாப் போகும்.

அக்குபங்சர் ராஜி சொன்ன மாதிரித்தான். கனக்க ஆய்வுகள் சின்னது, குறுகினது. ஊசி போடுற மாதிரிப் பாசாங்கு மட்டும் செய்ததோட ஒப்பிட்டால் வித்தியாசம் கொஞ்சம். புது ஊசி பாவிக்கிற, பதிவு உள்ள ஆளெண்டால் கேடு குறைவு, ஆனா அதுக்குப் போற காசுக்கு மூண்டு மாதத்துக்கு மரக்கறி வாங்கலாம்.

யோகாவுக்குப் போங்கோ. அது நேரடியாக் கனக்கக் கொழுப்பை எரிக்காது. ஆனா மனசு இறங்கும், நித்திரை வரும். நித்திரை குறைஞ்சால் அடுத்த நாள் பசி கூடும், பின்னேரம் ரோல்ஸ், வடை எண்டு கை போகும். சோத்தை அடியோட விட்டதைத் திரும்பச் செய்யாதைங்கோ. சோத்தில ரெண்டு அகப்பையைக் குறைச்சு அந்த இடத்தில சுண்டலும் மீனும் வையுங்கோ.

உப்புவெளி மைனா:

அக்கா, வாசிச்சிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொன்னனான். அவ பெட்டியைத் திருப்பிப் பார்த்தா, உள்ளடக்கம் எழுதேல்லை. நான் எத்தினை கிலோ குறைக்கோணும்? 81ஐப் பார்க்கவே மலைப்பா இருக்கு. சித்த மருத்துவம் எண்டால் எப்பிடி?

கோணேசபுரி மாணவன்:

வணக்கம் அக்கா. நான் இங்க திருகோணமலை வளாகத்தில சித்த மருத்துவம் படிக்கிறன், இறுதி வருசம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" எண்டது வெறும் பழமொழி இல்லை. கொள்ளில நாரும் புரதமும் நல்லா இருக்கு, அவிச்சுச் சாப்பிட்டால் வயிறு கனநேரம் தாங்கும். புற மருத்துவத்தில பொடித்திமிர்தல் எண்டு பொடியை உடம்பில தேய்க்கிற முறை இருக்கு. கை கால் இலகுவாகும், ஆனா அது மட்டும் கிலோவைக் குறைக்கும் எண்டு எங்கட ஆசிரியர்மாரும் சொல்லுறதில்லை. ஆர் மருந்து தந்தாலும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவு இருக்கா எண்டு கேளுங்கோ, நீங்கள் குடிக்கிற ரெண்டு குளிசையையும் காட்டுங்கோ. முக்கியமா, கோதல ஹிம்புட்டு எண்ட மூலிகைக் கொடியின்ர குடிநீரும் சீனியைக் குறைக்கும், டொக்டருக்குச் சொல்லாமல் மெற்போமினோட சேர்க்காதைங்கோ.

பாலையூற்று அக்கா:

தம்பி சரியாச் சொன்னார். மைனா, 81ஐப் பார்க்க வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்கு நாலு கிலோ. நிறையில ஐஞ்சு வீதம் குறைஞ்சாலே சீனியும் பிறஷரும் இறங்கத் தொடங்கும். வீட்டில அளவு நாடா இருந்தால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கோ, எங்கட பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை. இப்ப அதை விடக் கூட இருக்கும், பரவாயில்லை. மாதத்துக்கு ஒருக்கா அளந்தால் போதும்.

உப்புவெளி மைனா:

அளந்தன், 98. யோகாவுக்கு இண்டைக்குப் பேர் குடுத்திட்டன், செவ்வாயும் வியாழனும். மற்ற நாளில கந்தோர் விட்டதும் கோட்டை வாசலில இருந்து கோணேசர் கோயில் மட்டும் ஏறி இறங்கலாம் எண்டு நினைக்கிறன். மகளும் வாறாளாம், மான்களைப் பார்க்க. ராஜி அக்கா, வெள்ளிக்கிழமை நீங்களும் வாறீங்களா? ஐஞ்சு மணிக்குக் கோட்டை வாசலடியில நிப்பம்.