மலைப்பள்ளி கோலிப்ரி சர்வர்: வைஃபை, கரண்ட் இரண்டுக்கும் யோசனை வேண்டும்

வணக்கம். ஜவ்வாது மலையில் இணையம் எட்டாத ஒரு பள்ளிக்கு அறக்கட்டளை தந்த 12 பழைய லேப்டாப்கள். சர்வர் ராஸ்பெர்ரி பை 4 (கையடக்கச் சின்னக் கணினி, கீழே 'பை' என்கிறேன்), கோலிப்ரி (இணையமில்லாமலே பாடம் காட்டும் இலவச மென்பொருள்) பாடங்கள் அதன் 128 ஜிபி மெமரி கார்டில். நான்கைந்து பிள்ளைகள் பார்க்கும்வரை சிக்கலில்லை. பன்னிரண்டும் வீடியோவைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ராஸ்பெர்ரி பையிலேயே உள்ள வைஃபை தாங்கவில்லை போலும். தனி ரவுட்டர் வைத்து, பையை லேன் கேபிளில் சேர்த்தால் போதுமா? எந்த ரவுட்டர்?

அதைவிடப் பெரிய தலைவலி கரண்ட். கார்டில் எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கார்டே கெடுகிறது, இரண்டு போயாச்சு. 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சின்ன யுபிஎஸ் யாராவது பயன்படுத்துகிறீர்களா? பவர்பேங்க் சொல்லாதீர்கள், கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் நொடியில் பலவும் மின்சாரத்தை விட்டுவிடும், பை ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

லேப்டாப் தருபவர்கள் சார்ஜரையும் சேர்த்தே அனுப்புங்கள்.