மாஸ் எஃபெக்ட் 3 முடிவு: உங்களுக்கு என்ன நடந்தது?

பெரம்பூர்வாசி:
2012 கோடை, சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு. மாஸ் எஃபெக்ட் 3 வீடியோ கேமின் கடைசிக் காட்சி. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்தச் சிறுவன் பேசி முடித்துவிட்டான். நாம் ஆட்டுவிக்கும் தளபதி ஷெப்பர்ட் நொண்டிக்கொண்டு நிற்கிறார். இடப்பக்கம் நீலம் (எதிரி இயந்திரங்களான ரீப்பர்களை ஆள), வலப்பக்கம் சிவப்பு (அழிக்க), நடுவே பச்சை (உயிர்களையும் இயந்திரங்களையும் ஒன்றாக்க). கரண்ட் போய்விட்டது! எரிச்சலில் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் நாற்காலியில் தம்பி. விட்ட இடத்திலிருந்து ஆடி, ஷெப்பர்டைப் பச்சை ஒளிக்குள் குதிக்க வைத்துக்கொண்டிருந்தான். “எதில் போனாலும் அதே படம்தான் அண்ணா, நிறம்தான் வேறு” என்றான். மூன்று பாகங்களிலும் நான் பார்த்துப் பார்த்து எடுத்த முடிவுகள், கடைசி ஒன்று மட்டும் அவனுடையது. இன்றும் ஆறவில்லை.

நங்கநல்லூரான்:
தம்பி சொன்னதை ஏற்க மாட்டேன். நீலமும் பச்சையும் ரீப்பர்கள் விரித்த வலை. தொடக்கத்தில் வான்கூவரில் விண்கலம் ஏறும் சிறுவனுக்கு அங்கே நிற்கும் ஒருவராவது கை கொடுக்கிறாரா, பாருங்கள். கடைசியில் வருவதும் அதே உருவம்தான். ஷெப்பர்டுக்கு நடப்பது மூளைச்சலவை, வேறென்ன? நான் சிவப்பைச் சுட்டேன். படைவலிமை போதுமான அளவு இருந்ததால், இடிபாடுகளுக்கு நடுவே ஷெப்பர்டின் மார்புக் கவசம் மூச்சிழுத்து எழும்பியது. நள்ளிரவில் நான் போட்ட கூச்சலில் பக்கத்துப் போர்ஷன் மாமி விளக்கைப் போட்டுவிட்டார்.

போரூர் 116:
நான் நீலம். சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருவரும் கேளுங்கள். அப்போது பலர் சேர்ந்து ஆடும் பகுதியைத் தொடாவிட்டால் சேர்த்த படையில் பாதிதான் கணக்கில் வரும். மூன்று பாகங்களும் சேர்ந்து 2021-இல் வந்த லெஜண்டரி பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை. முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். தோழன் ரெக்ஸைச் சாகவிடாதீர்கள். இரண்டாம் பாகத்தில் தோழர்கள் டாலி, லீஜியன் இருவரும் பிழைக்க வேண்டும், இல்லையென்றால் இயந்திர இனமான கெத்துக்கும் அதைப் படைத்த குவாரியன்களுக்கும் சமாதானம் நடக்காது. பக்கவேலைகளை ஒத்திப்போடாதீர்கள். ரிச்சி தெருவில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவதானால், கடையிலேயே மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள். முதுகுக்கு ஒரு தலையணை வையுங்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
தலையணை யோசனையை யார் கேட்டது? நான் ஆடியது 2012 ஜூனில் இலவசமாக வந்த, முடிவை விரித்துக் காட்டும் எக்ஸ்டெண்டட் கட். சிவப்பைத் தொட்டால் கெத் இனமே அழியும், பாடுபட்டுச் சமாதானம் செய்துவைத்தவன் நான். ஆத்திரத்தில் அந்தச் சிறுவனையே சுட்டேன். அவன் குரல் சட்டென்று கனத்து, “அப்படியே ஆகட்டும்” என்றது. அவ்வளவுதான், எல்லோரும் காலி. எப்போதோ வரப்போகும் இனத்துக்காக தோழி லியாரா விட்டுச்சென்ற பதிவு மட்டும் ஓடுகிறது. பெரம்பூர் தம்பி சொன்னதில் தப்பில்லை. முடிவு பிடிக்காத ரசிகர்கள், விளையாட்டை உருவாக்கிய பயோவேருக்கு மூன்று நிறத்தில் கப்கேக் அனுப்பினார்களே, எல்லாவற்றிலும் ஒரே வெனிலா சுவை! நங்கநல்லூர்க்காரரே, எல்லாம் மூளைச்சலவை என்றால் மூன்றையும் மறுத்த நானல்லவா தப்பித்திருக்க வேண்டும்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.