புயலில் கூண்டு கிழிந்து திலேப்பியா கழிமுகத்துக்குள் வந்துவிட்டது, என்ன செய்யலாம்?

கழிமுகக்காரன்:
புயல் அடித்து ஆறு நாள் ஆகிறது. பக்கத்துப் பண்ணையின் மிதவைக் கூண்டுகள் கிழிந்து, வளர்ப்புத் திலேப்பியா மீன் எங்கும் பரவிவிட்டது. மடவைக்கு விட்ட வலையில் நேற்று பாதிக்கு மேல் இதுதான். உப்பில் தானாகச் செத்துவிடும் என்கிறார்கள் சிலர், மருந்து ஊற்றிக் கொல்லலாம் என்கிறார்கள் சிலர். இறால் குஞ்சு வளர்கிற இடம் இது, மனசு பதறுகிறது.

பழைய கூண்டுக்காரன்:
மருந்து வேண்டவே வேண்டாம். மீனைக் கொல்ல ஊற்றும் ரோட்டெனோன் மருந்துக்கு மடவை, திலேப்பியா என்ற பேதமெல்லாம் கிடையாது.

உப்பையும் நம்பாதீர்கள். திலேப்பியாவில் மொசாம்பிக் வகை கடல்நீரிலேயே குஞ்சு பொரிக்கும். நைல் வகை அவ்வளவு தாங்காதுதான், ஆனால் மழைவெள்ளம் இறங்கி உப்பு குறைந்திருக்கும் இந்த நாட்கள் அதற்கும் வசதி.

நான் ஒன்பது வருடம் கூண்டில் வேலை பார்த்தவன். முதன்முதலில் வலை கிழிந்தபோது மீனைத் தேடி வெகுதூரம் போனோம். திரும்பி வந்து பார்த்தால், தீவன நேரத்துக்கு நிறைய மீன் காலிக் கூண்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது! நார்வேயில் தப்பிய மீனைப் பண்ணையிலிருந்து 500 மீட்டருக்குள் பண்ணைக்காரரே பிடிக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அதனால் வழக்கமான தீவன நேரத்தில் அங்கேயே இரண்டு கை தீவனம் போட்டு, சுற்றி வலை விடுங்கள். நாள் போகப் போகக் கலைந்துவிடும்.

இன்னொன்று, பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்திருக்கும். பிடிபட்டதும் துப்பிவிடும். வலையைத் தண்ணீரில் உதறாமல், படகுக்குள் தொட்டி வைத்து அதில் உதறுங்கள்.

கரைவலை:
2009 கடைசியிலும் 2010 தொடக்கத்திலும் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் புயலால் சுமார் 15 லட்சம் வளர்ப்பு மீன் தப்பியது. பெரும்பாலும் அந்தத் தீவுக்குச் சொந்தமில்லாத ஐரோப்பிய கடல் பாஸ் என்ற மீன். அங்கேயும் சிறுபடகு மீனவர்கள்தான் நிறையப் பிடித்தார்கள். ஒரே ஆளால் ஆகாது, பக்கத்துப் படகுகளையும் கூப்பிடுங்கள்.

கழிமுகக்காரன்:
சரி. வலையின் கண்ணி அளவு?

பழைய கூண்டுக்காரன்:
பிடித்த பத்து மீனை அளந்து பாருங்கள். தலை நுழைந்து வயிறு சிக்க வேண்டும். ரொம்பச் சின்னக் கண்ணி போட்டால் மடவைக் குஞ்சும் போய்விடும். கடைசியாக எப்போது நோய்க்கான மருந்து கலந்த தீவனம் போட்டார்கள் என்று பண்ணையில் கேளுங்கள். அது தெரியும்வரை யாரும் சாப்பிடக் கூடாது, விற்கவும் கூடாது.

கழிமுகக்காரன்:
இன்று சாயங்காலம் நான்கு படகு போனோம். கூண்டுப் பக்கம் மட்டும் ஆறு தொட்டி. ஒரு தொட்டியின் அடியில் கடுகு மாதிரி மஞ்சள் முட்டை. நாளைக்கும் போகிறோம்.