பெரிய வீட்டுக் குழு: பெரியம்மாவின் கடைவாய்ப் பல்

அண்ணன், காலை 7:12
எல்லாருக்கும் வணக்கம். நேற்று அம்மாவை ஒரு தனியார் பல் கிளினிக்குக் கூட்டிப் போனேன். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் லேசாக ஆடுகிறது, ஈறு வீங்கி இரத்தம் வருகிறது. ஐந்து நிமிடம் பார்த்தார்கள். பிடுங்கிவிட்டு இம்பிளாண்ட், அதாவது எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல், வைக்கலாம், சனிக்கிழமை வாருங்கள் என்றார்கள். எக்ஸ்-ரேயைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

சித்தி, 7:20
ஐயோ அக்கா, பசியாறினீர்களா? மெல்ல முடிகிறதா?

பெரியம்மா, 7:26
தோசையைச் சாம்பாரில் ஊற வைத்துச் சாப்பிட்டேன்மா. வலது பக்கம் மட்டும்தான் மெல்கிறேன்.

மாமா, 7:41
அனுப்பப்பட்ட செய்தி: "ஜப்பானில் பல் மீண்டும் முளைக்க மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்! இனி பல் செட்டே தேவையில்லை! எல்லாருக்கும் பகிருங்கள்!"
அக்கா, இதைப் பாருங்கள். பிடுங்கினாலும் பயமில்லை போலிருக்கிறது.

நான், 12:48
எங்கள் பல் கிளினிக்கில் இப்போதுதான் சாப்பாட்டு நேரம் கிடைத்தது. பெரியம்மா, சனிக்கிழமை பல்லைப் பிடுங்க வேண்டாம். தயவு செய்து கொஞ்சம் பொறுங்கள்.

நான், 12:50
மாமா, அந்தச் செய்தியில் பாதி உண்மை. கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 2024-இல் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை தொடங்கினார்கள். பல் ஒன்றாவது இல்லாத, 30 முதல் 64 வயது வரையிலான ஆரோக்கியமான ஆண்கள் 30 பேருக்கு. பிறவியிலேயே பல் முளைக்காத பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்கிற ஆராய்ச்சி அது. கடையில் வாங்கும் மருந்து இல்லை. அதை நம்பி யாரும் பல்லை எடுத்துவிடாதீர்கள்.

மாமா, 12:53
சரிம்மா. நல்ல வேளை சொன்னாய்.

நான், 12:58
அண்ணா, எக்ஸ்-ரே பார்த்தேன். படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, ஆனாலும் ஒன்று நன்றாகத் தெரிகிறது. அந்தப் பல்லின் முன் வேரை ஒட்டி எலும்பு கிணறு வெட்டியது போலக் குழிந்திருக்கிறது. பக்கத்துப் பற்களில் எலும்பு நல்ல உயரத்தில் இருக்கிறது. இப்படி ஒரு பக்கம் மட்டும் ஆழமாகக் குழிந்த இடத்தில்தான் எலும்பைத் திரும்ப வளர்க்க வாய்ப்பு அதிகம். வாய் முழுவதும் எலும்பு சமமாகக் கரைந்து இறங்கியிருந்தால் அதை மேலே கொண்டு வருவது மிகக் கடினம்.
கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று எண் சொன்னார்களா?

அண்ணன், 1:02
இல்லை. யாரும் அளக்கவில்லை.

நான், 1:03
அளக்காமல் எப்படிப் பிடுங்கச் சொன்னார்கள்? எனக்கு மனசே கேட்கவில்லை. 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் சாதாரணம். அதற்கு மேல் போனால், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று சொல்ல வேண்டும்.

பெரியப்பா, 1:10
போன எலும்பு எப்படியம்மா திரும்பி வரும்? ஈறு தானாக ஆறிவிடாதா?

நான், 1:21
பெரியப்பா, ஈறு சீக்கிரம் ஆறுவதுதான் இங்கே சிக்கலே. பல் எலும்பில் ஆணி மாதிரி அறையப்பட்டதில்லை. வேரின் மேல் சிமெண்டம் என்று ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. அதிலிருந்து எலும்புக்கு நுண்ணிய நார்கள் ஓடுகின்றன, தொட்டில் கயிறு போல. ஈறு நோயில் அந்த நாரும் எலும்பும் போய்விடுகின்றன.
ஒன்று கேட்கிறேன். தோட்டத்தில் நிலத்தைத் துப்புரவாக்கிச் சும்மா விட்டால் முதலில் என்ன வரும்?

பெரியப்பா, 1:24
லாலாங் புல்தான். கன்று தலையெடுக்கும் முன்னே நிலமெல்லாம் பரவிவிடும்.

நான், 1:30
அதேதான். வேரைச் சுத்தம் செய்துவிட்டு மூடினால், ஈறின் மேல்தோல் லாலாங் மாதிரி வேரோடு கீழே ஓடி இடத்தைப் பிடித்துவிடுகிறது. எலும்பும் நாரும் மெதுவாக வளர்கிறவை, வரும்போது இடம் இருக்காது. ஸ்வீடனில் ஸ்டூரே நைமன் குழுவினர் வடிகட்டித் தாள் போன்ற ஒரு சவ்வை ஈறுக்கும் வேருக்கும் நடுவில் வேலியாக வைத்துப் பார்த்தார்கள். மேல்தோல் உள்ளே வரவில்லை. வேரில் புது சிமெண்டமும் நாரும் பிடித்திருந்தன. 1982-இல் எழுதினார்கள். இப்போது கரையும் சவ்வு வந்துவிட்டது, குழியில் எலும்புத் துகளும் நிரப்புகிறோம். சில இடங்களில் எம்டோகெயின் என்ற ஜெல்லைப் பூசினாலே போதும்.

பெரியம்மா, 1:36
எலும்புத் துகளா? யாருடைய எலும்பு பாப்பா?

நான், 1:41
நல்ல கேள்வி பெரியம்மா. நிறையப் பேர் கேட்பதே இல்லை. அதிகம் பயன்படுவது பதப்படுத்திய மாட்டெலும்பு. எம்டோகெயின் பன்றியின் முளைக்கும் பல்லிலிருந்து எடுப்பது. கரையும் சவ்விலும் பல பன்றியிலிருந்து வருகின்றன.

பெரியம்மா, 1:43
மாட்டெலும்பா! வேண்டாம்மா. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நாற்பது வருடமாகப் போகிறேன். வாயில் அதை வைத்துக்கொண்டு எப்படி நிற்பேன்?

அக்கா, 1:45
அம்மா, அது மருந்துதானே.

நான், 1:52
அக்கா, விடுங்கள். பெரியம்மாவின் வாய், பெரியம்மாதான் முடிவு செய்ய வேண்டும். எங்களிடம் வரும் மலாய்க்காரர்களும் பன்றி என்றதும் இதே மாதிரிதான் தயங்குவார்கள். செயற்கை எலும்புத் துகள் இருக்கிறது, கால்சியம் பாஸ்பேட்டில் செய்தது. உங்கள் தாடையிலிருந்தே கொஞ்சம் எடுக்கலாம். உங்கள் இரத்தத்தைச் சுழற்றி எடுக்கிற ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உண்டாகும் நார்) படலமும் உண்டு. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதை நிபுணர் சொல்வார். முதல் நாளே "மாடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம்" என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் தாளிலும் எழுதச் சொல்லுங்கள்.

பெரியம்மா, 1:55
இப்போது மனசு லேசாக இருக்கிறது.

நான், 9:05
வேலை முடிந்து வந்துவிட்டேன். அறுவை சிகிச்சை முதலில் இல்லை. ஈறுக்கு அடியில் பல்லில் படிந்து இறுகியிருக்கும் கல்லை எடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளப்பார்கள். அதிலேயே ஆழம் குறைந்துவிட்டால் வெட்டவே வேண்டாம். இனிப்பு நீர் எப்படி இருக்கிறது? எச்பிஏ1சி, அந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, எவ்வளவு?

அண்ணன், 9:09
போன மாதம் 8.4.

நான், 9:12
அதைக் குறைக்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு ஆறாது, ஈறு அழுகினால் சர்க்கரையும் கட்டுப்படாது. ஈறைச் சரிசெய்தால் அந்த எண் சற்றுக் குறைவதையும் பார்க்கிறோம். வெற்றிலையில் புகையிலை வைப்பதையும் விட்டுவிடுங்கள் பெரியம்மா.

சித்தி, 9:15
கல் எடுத்தால் பல் இன்னும் ஆடும் என்கிறார்களே?

நான், 9:18
கல் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி தோன்றும். உண்மையில் எலும்பைக் கரையவிட்டதே அதன் மேல் ஒட்டியிருக்கும் கிருமிகள்தான். எடுத்த பிறகு கொஞ்ச நாள் ஆடுவது போலிருக்கும், கூசும். வீக்கம் வடிந்ததும் ஈறு இறுகும்.
மாமா, உங்களுக்கும் ஒன்று. சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறில் இரத்தம் குறைவாகத்தான் வரும். அதனால் நன்றாக இருப்பதாக நினைப்பார்கள், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். நீங்களும் அளந்து பாருங்கள்.

மாமா, 9:21
அக்காவுடனே நானும் வருகிறேன்.

நான், 9:30
பெரியம்மா, நாளையிலிருந்து ஒரு வேலை. பார்மசியில் பல்லிடுக்குப் பிரஷ் கிடைக்கும், பால் போத்தல் கழுவும் பிரஷ்ஷைக் குட்டியாக்கியது போலிருக்கும். இடுக்கில் நுழையும் அளவாக வாங்குங்கள். கண்ணாடி முன் நின்று, ஈறை ஒட்டி நேராக விட்டு, முன்னும் பின்னும் நாலு தடவை. முதல் வாரம் பிரஷ் சிவப்பாக வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். தினமும் செய்தால் குறையும்.

அக்கா, 9:34
நாளைக் காலையில் அரசாங்கப் பல் கிளினிக்கில் நம்பர் எடுக்கிறேன். ஈறு நிபுணருக்கு சூராட், பரிந்துரைக் கடிதம், கேட்க வேண்டும், சரியா?

நான், 9:35
சரி. பல்லைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எலும்பு வளர்ந்ததா என்று எக்ஸ்-ரேயில் தெரிய ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். முழுதாகத் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சில மில்லிமீட்டர் வந்தாலே அந்தப் பல் இன்னும் பல வருடம் நிற்கலாம்.

அண்ணன், 9:38
சனிக்கிழமை வரவில்லை என்று அந்த கிளினிக்குச் சொல்லிவிட்டேன்.

பெரியம்மா, 9:44
எக்ஸ்-ரே, சர்க்கரைப் புத்தகம் இரண்டையும் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன் பாப்பா. மாடு, பன்றி விஷயத்தைப் பெரியப்பா ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார், அதுவும் உள்ளே இருக்கிறது.