என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில்) ராத்திரி விளக்கை எவ்வளவு குறைக்கலாம்?

பவானி சிஸ்டர்:
ஈரோடு பக்கம் 8 படுக்கை யூனிட்டுங்க. டியூப்லைட் 24 மணி நேரமும் எரியுது. குறைக்கலாம்னா, "குழந்தை நீலம் பாரிச்சா எப்படித் தெரியும்?"ங்கறாங்க ஒரு தரப்பு. இன்னொரு தரப்பு, மொத்தமா இருட்டாக்கினா ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைக்கு வர்ற விழித்திரை நோய்) வராதுங்கறாங்க. எது சரிங்க? மேற்கு ஜன்னல் வெயில் வேற நேரா இன்குபேட்டர் மேல விழுது.

கோவை பச்சிளங்குழந்தை மருத்துவர்:
ரெண்டுமே வேண்டாம் சிஸ்டர். காலை 7 முதல் மாலை 7 வரை முகத்தருகே 100 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), இரவில் 20க்குக் கீழே. குறைமாதக் குழந்தையின் இமை மெல்லிசு, வெளிச்சத்தைத் தடுக்காது. வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குவதும் கர்ப்பக் கணக்கில் 30 வாரத்துக்குப் பிறகுதான் மெல்ல வரும். அதனால் 32 வாரம் வரை இன்குபேட்டரை மூடி மங்கலாக வைத்து, பிறகு பகல்-இரவு சுழற்சிக்கு மாற்றலாம். சுழற்சியில் எடை சீக்கிரம் ஏறுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. சின்ன ஆய்வுகள்தான், பெற்றோரிடம் உறுதி கொடுக்காதீர்கள்.

இருட்டு ஆர்.ஓ.பி.யைத் தடுக்காது. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கண்ணை மறைத்துப் பார்த்தும் குறையவில்லை. ஆக்சிஜன் கொடுக்கும்போது, பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் செறிவை 90 முதல் 95 சதவீதத்தில் நிறுத்துங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்ததோ 2000 கிராமுக்குக் குறைந்ததோ, 30 நாளுக்குள் கண் பரிசோதனை. 28 வாரத்துக்கும் முன் பிறந்ததற்கு, பிறந்த 2, 3 வாரத்திலேயே.

நீலம் பாரிப்பதைக் கண்ணை விடப் பல்ஸ் ஆக்சிமீட்டர் முன்னாடி சொல்லும். வெளிச்சம் பட்டால் அதன் ப்ரோப் (குழந்தை மேல் ஒட்டும் சென்சார்) தப்பாகக் காட்டும், அதையும் மூடிக் கட்டுங்கள்.

பல்லடம் பயோமெடிக்கல்:
சாதா எல்.இ.டி.க்கு டிம்மர் போட்டா மினுங்கும். பொது விளக்கை ரெண்டு சர்க்யூட்டாப் பிரிச்சு, ராத்திரிக்கு மங்கல் வரிசை மட்டும் எரியட்டும். ஊசி போட, குழாய் வைக்க ஒவ்வொரு படுக்கைக்கும் தனி ஸ்பாட் லைட், 2000 லக்ஸாவது வேணும். பக்கத்துக் குழந்தை மேல விழக்கூடாது. விளக்கோட நிறக்காட்டித் திறன் (சி.ஆர்.ஐ., நிறத்தை உள்ளபடி காட்டுற அளவு) 80க்குக் குறைஞ்சா மஞ்சள் காமாலை சரியாத் தெரியாது. இன்குபேட்டர் மூடியைச் சாத்தி, தலை இருக்கிற இடத்துல மீட்டரை மேல்நோக்கி வெச்சு அளங்க. செல்போன் ஆப் நம்பிக்கைக்கு ஆகாதுங்க.

கோபி மூத்த செவிலியர்:
முதல்ல ஜன்னலைப் பாருங்க, கண்ணு. அக்ரிலிக் மூடிக்குள்ள வெயில் புகுந்தா சூடு வெளியேறாது. ஹீட்டர் தானா அணைஞ்சாலும் குளிர வைக்க அதுக்குத் தெரியாது; குழந்தைக்குக் காய்ச்சல்னு நினைச்சு கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை) எடுப்பாங்க. கட்டிலை ஜன்னல் சுவத்துல இருந்து 2 அடியாவது தள்ளுங்க, வெள்ளையோ சாம்பலோ திரை போடுங்க. கலர் திரைன்னா தோல் நிறமே மாறித் தெரியும்.

இன்குபேட்டரை மூடறதுக்குச் சென்னிமலைப் பருத்திப் போர்வையை ரெண்டா மடிச்சாப் போதும், காத்துத் துளையை மட்டும் அடைக்காதீங்க. ஒரு குழந்தைக்குப் போட்டதைத் துவைக்காம இன்னொன்னுக்குப் போடாதீங்க. வார்மர் (மேலிருந்து சூடு தர்ற திறந்த கட்டில்) மேல துணியே போடக்கூடாது, சூடும் போய்ச் சேராது, தீப்பிடிக்கவும் செய்யும்.

பவானி சிஸ்டர்:
பக்கத்துக் கட்டில்ல போட்டோதெரபி (மஞ்சள் காமாலைக்கான ஒளிச் சிகிச்சை) ஓடினா?

கோபி மூத்த செவிலியர்:
அந்த நீல வெளிச்சம் இந்தப் பக்கம் வராம நடுவுல திரை. போட்டோதெரபி குழந்தைக்குக் கண் கட்டு நழுவி மூக்கை மூடாம, ஒவ்வொரு தடவையும் பாலூட்டும்போது அவிழ்த்துப் பாருங்க.