பாஸ்போ ஏகேடி பட்டை: ஆன்டிபாடியை நம்பலாமா?

வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) அடிக்கடி செய்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். செல்லுக்குள் இன்சுலின் சிக்னலைக் கடத்தும் ஏகேடி புரதத்தில், செரின் 473 என்ற இடத்தில் பாஸ்பேட் ஏறுவதை (பாஸ்பரிலேஷன்) பார்க்கிறேன். இன்சுலின் கொடுத்த செல்களில் 60 கிலோடால்டன் (புரதத்தின் எடை அளவு) பக்கத்தில் பட்டை பளிச்சென்று வருகிறது. ஆனால் சீரம் இல்லாமல் பட்டினி போட்ட செல்களிலும் அதே இடத்தில் மங்கலாக ஒன்று தெரிகிறது.

பாலில் உள்ள கேசீனே ஒரு பாஸ்போ புரதம் என்பதால் பிளாக்கிங்குக்கு (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க) பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டு சீரம் ஆல்புமின்தான். செல்களை உடைக்கும் லைசிஸ் பஃபரில், ஏறிய பாஸ்பேட் கழன்றுவிடாமல் காக்க சோடியம் ஃபுளோரைடு, ஆர்த்தோவனடேட் இரண்டும் உண்டு. மொத்த ஏகேடி (பாஸ்பேட் ஏறியதும் ஏறாததும் சேர்த்து) எல்லா லேனிலும் சமம்.

இது மிச்சமிருக்கும் உண்மையான சிக்னலா, இல்லை பாஸ்பேட் ஏறாத ஏகேடியையும் ஆன்டிபாடி பிடிக்கிறதா? ஏகேடிக்குப் போகும் சிக்னலைத் தடுக்கும் வார்ட்மேனின் கொடுத்த செல்களைக் கூடவே ஓட்டினால் போதுமா, பாஸ்பேட்டை நீக்கும் லாம்டா பாஸ்படேஸ் நொதியும் வேண்டுமா? புரதங்கள் ஒட்டியிருக்கும் மெம்பிரேனையே அந்த நொதியில் ஊறவைத்துப் பார்த்தவர்கள் நேரம், வெப்பநிலை சொன்னால் நல்லது. அப்புறம், மொத்த ஏகேடியைப் பார்க்க அதே மெம்பிரேனிலிருந்து முதல் ஆன்டிபாடியைக் கழற்றி (ஸ்ட்ரிப்) மறுபடி பயன்படுத்துவீர்களா, தனி பிளாட்டா? ஸ்ட்ரிப்பிங் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.